கதவு போட்ட மூன்று நாட்கள்

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வந்த ஒருவருக்காக, இறந்தவரின் பெயரை மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தபோது போஸ்ட் மாஸ்டர் அழைத்தார். எட்டு மாதமாக அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. நானும் எண்ணை அழிக்கவில்லை.

"என்னம்மா, நல்லா இருக்கியா? உன் பீட் காலியாத்தான் இருக்கு. வந்துடேன்" என்றார். "உனக்கப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தனுக்கு அட்ரஸ் படிக்கத் தெரியல. இன்னொருத்தனுக்கு நாய்னா பயம். உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்கல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இந்தத் தடவை நிரந்தரத்துக்கு நானே மேல எழுதறேன். சனிக்கிழமை காலைல ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனை வைத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையிலேயே எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்து, இறந்தவரின் பெயரை மறுபடியும் தப்பாக அடித்தேன்.

நான் இரண்டு வருடம் தபால் கொடுத்தவள். முடிச்சூர் பக்கத்தில் ஒரு சின்ன தபால் நிலையம். நிரந்தரமாக இருந்த ஒருவர் மருத்துவ விடுப்பில் போனதால் அவருடைய பீட்டுக்கு, அதாவது அவர் தினமும் சுற்றி வரும் தெருக்களுக்கு, என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. நான் தற்காலிகமாகவே இரண்டு வருடம் ஓட்டினேன். விட்ட பிறகு தாம்பரம் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். விண்ணப்பம் நிரப்புவது, மனு எழுதுவது, ஆன்லைனில் ஏற்றுவது என் வேலை. கடைக்காரர் நான் எழுதிய மனுக்களைத் தான் எழுதியதாகச் சொல்லிக்கொள்வார். அதைத் தவிர அந்த இடத்தில் பெரிய குறை இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா மீன் விற்கிறாள். கோவளம் பக்கத்துக் கடலோர ஊர் எங்களுடையது. நான் ஐந்தாவது படிக்கும்போது, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக என்னை இழுத்துக்கொண்டு இங்கே வந்தாள். மேற்குத் தாம்பரத்தில் சாலையோரம் ஒரு பலகை, ஒரு குடை, ஒரு அரிவாள்மணை. வீட்டில் நானும் அவளும்தான். எங்கள் குடும்பத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். பெயரை மட்டுமல்ல, எதையும் எழுதுவேன். பி.காம். முடித்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், அதை மறைக்கப் போவதில்லை.

"போஸ்ட்டாபீஸ்லேந்து கூப்டாங்களா?" அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நான் சொல்லலே? கவுருமெண்டுல ஒருவாட்டி கால் வெச்சா அவங்களே தேடிகினு வருவாங்கன்னு."

"அது கவர்மென்ட் வேலை இல்லம்மா. தற்காலிகம்."

"தற்காலிகமோ, எக்காலிகமோ. காக்கிப் பைய மாட்டிகினு போனியா இல்லியா? உன்ன பாத்து நாலு வூட்டுக்காரங்க எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாங்களா இல்லியா?"

"எழுந்து வந்தாங்க."

"அப்புறம் இன்னா? எனக்கு யாருனா எழுந்து வராங்களா? கார் கண்ணாடிய எறக்கி, 'வஞ்சரம் இன்னா விலை'ன்னு கேட்டுட்டு மறுபடி ஏத்திக்கிறானுங்க."

மறுநாள் காலைக்குள் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போனால், "போஸ்ட்டாபீஸ்ல பர்மனென்ட் ஆக்கிட்டாங்களாமே?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

அந்த வேலையைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாததை இங்கே எழுதுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எனக்குப் பெரிய லிஃப்ட் கிடையாது. குப்பைத் தொட்டிகளை ஏற்றி இறக்கும் பின்பக்க லிஃப்ட்தான். தரையில் ஏதோ ஒழுகிக் காய்ந்த வட்டங்கள் இருக்கும். செருப்பு ஒட்டும். ஐந்து மாடி போவதற்குள் முந்தின நாள் அத்தனை வீடும் என்ன சாப்பிட்டது என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது பிளாக்கில் ஒரு அம்மாள் வெயிலில் வந்த என்னைப் பார்த்து உடனே தண்ணீர் கொடுத்தார். குளிர்பானம் வந்த காலி பாட்டிலில் நிரப்பி, "பாட்டிலை நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். தாராள மனசு என்று நினைத்தேன். அடுத்த முறையும் வேறொரு காலி பாட்டில், அதே பேச்சு. மூன்றாவது முறை பாட்டிலைத் திருப்பி நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைக்குப் படியிறங்கும்போது என் விரல்களை மோந்து பார்த்தேன். மீன் வாசனை இருக்கிறதா என்று. அந்த அம்மாள் மேல் வந்ததைவிட, மோந்து பார்த்த என் மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பு வந்தது.

மழைக்காலத்தில் வேறு மாதிரி. முடிச்சூர் முன்பு வயலாக இருந்த இடம். நாலு நாள் மழை பெய்தால் அது தன்னை மறுபடியும் வயல் என்று நினைத்துக்கொள்ளும். கழிவுநீர்த் தொட்டிகள் பொங்கித் தெருவில் கலக்கும். கணுக்கால் வரை அந்தத் தண்ணீரில் நின்று, திருமண அழைப்பிதழைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

இவை எதற்காகவும் நான் வேலையை விடவில்லை. அம்மாவிடம் நாய், வெயில் என்றெல்லாம் சொன்னேன். உண்மையான காரணம் கதவு.

எங்கள் அலுவலகத்தில் அதற்கு அந்தப் பெயர்தான். பதிவுத் தபால் ஒவ்வொன்றும் கைப்பேசியில் ஏற்றப்பட்டிருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவைப் பதிய வேண்டும். கொடுத்தாயிற்று என்று பதியலாம், இல்லையென்றால் ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதுவும் பாக்கி நிற்கக் கூடாது. பாக்கி நின்றால் மேலேயிருந்து போஸ்ட் மாஸ்டருக்குத் திட்டு, அவரிடமிருந்து எங்களுக்கு. காரணங்களின் பட்டியலில் ஒன்று, 'கதவு பூட்டியிருந்தது'. போகாத வீட்டுக்கெல்லாம் அதைத்தான் போடுவோம். நாலு மணிக்கு டீக்கடையில் சந்தித்தால், "இன்னிக்கு எத்தினி கதவு?" என்பதுதான் நலம் விசாரிப்பு.

வீட்டில் உட்கார்ந்துகொண்டு கதவு போட முடியாது. எந்த இடத்தில் நின்று பதிகிறோம் என்பதையும் அந்தக் கைப்பேசி குறித்துக்கொள்ளும். அதனால் தெருவுக்குப் பக்கத்திலாவது போக வேண்டும். ஓரிடத்தில் நின்று எத்தனை தெருவுக்குக் கதவு போட முடியும் என்பதில்தான் திறமை. என் பீட்டில் அப்படி ஓர் இடத்தை நானே கண்டுபிடித்தேன். கால்வாய்ப் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதன் கீழே நின்றால் மூன்று தெருவும் இரண்டு சந்தும் அடங்கிவிடும். எனக்கு முன்னால் அந்தப் பீட்டைப் பார்த்தவர்களுக்குக்கூட அது தெரியாது. கண்டுபிடித்த அன்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. படித்தவள் அல்லவா, எதிலும் மற்றவர்களை முந்திவிடுகிறேன் என்று நினைத்தேன்.

பார்சல்களுக்கு நாங்கள் கதவு போடுவதில்லை. பார்சல் வாங்குகிறவர்கள் காலையிலிருந்தே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பத்து நிமிடம் தாமதமானால் புகார் பறக்கும். கடிதம் அப்படியில்லை. தனக்கு ஒரு கடிதம் கிளம்பியிருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. வராத கடிதத்தைப் பற்றி யார் புகார் கொடுப்பார்கள்? அதனால் பை கனமாக இருக்கும் நாட்களில் கடிதங்களுக்குத்தான் கதவு விழும்.

போன வருட மழையில் ஒரு பதிவுத் தபாலுக்கு நான் அடுத்தடுத்து மூன்று நாள் கதவு போட்டேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி உள்ளே போகும் சந்தின் கடைசி வீடு. சந்து முழுக்கக் கருப்புத் தண்ணீர். இறங்க மனம் வரவில்லை. ஆள் இல்லாத வீட்டில் ஓர் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டு வர வேண்டும், அதைப் பார்த்து அவர்கள் அலுவலகத்துக்கு வந்து தபாலை வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சீட்டைக்கூட நான் வைக்கவில்லை. மூன்று நாள் சீட்டுகளையும் ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் திணித்தேன். சில நாள் அந்தத் தபால் அலுவலக அலமாரியில் கிடந்தது. பிறகு அனுப்பியவருக்கே திரும்பிப் போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் கவுன்டருக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். நர்சிங் படித்தவள். அரசு மருத்துவமனையில் ஒரு பணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்து, குறித்த நாளுக்குள் வந்து சேரச் சொல்லி உத்தரவு அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு அது கிடைக்கவேயில்லை. அவளாகவே போன் செய்து விசாரித்தபோது, தபால் திரும்பிவிட்டது, நாள் முடிந்துவிட்டது, அடுத்த ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றார்களாம். போஸ்ட் மாஸ்டர் கணினியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வீடு பூட்டியிருந்துச்சு மேடம்" என்றேன் அவளிடம். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. புரியாத மாதிரிப் பார்த்தாள். "எங்க வீட்டை நாங்க பூட்டறதே இல்லீங்க. அப்பா எட்டு வருஷமா படுக்கையில இருக்காரு. யாராவது கூடவே இருப்போம்."

"கூப்பிட்டேன். யாரும் வரல."

முதல் பொய்யாவது ஊர்வழக்கம், அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது. இந்த இரண்டாவது பொய்யை நானே செய்தேன். யோசிக்கக்கூட இல்லை. திறந்த வீட்டைப் பூட்ட முடியாது என்றானதும், அதற்குள் இருந்தவர்களைச் செவிடாக்கிவிட்டேன்.

அவள் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுப் போனாள். போஸ்ட் மாஸ்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நடந்ததை எழுதிக் கொடும்மா. டைப் வேணாம். உன் கையாலயே எழுது."

நடந்ததை நான் எழுதவில்லை. மூன்று நாட்களும் நேரில் சென்றதாகவும், பலமுறை அழைத்ததாகவும், பதில் இல்லாததால் அறிவிப்புச் சீட்டை வாசலில் வைத்துவிட்டு வந்ததாகவும் எழுதினேன். ஒரு பக்கம். ஒற்றுப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. எழுத எழுத, எந்த இடத்தில் 'எனினும்' போடலாம், எங்கே 'ஆகவே' போடலாம் என்று என் மனம் உற்சாகமாக வேலை செய்தது. அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. ஒரு பெண்ணின் வேலையைத் தின்றுவிட்டு, அதை நல்ல தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். போஸ்ட் மாஸ்டர் படித்துப் பார்த்து, "அடேயப்பா, என்ன எழுத்தும்மா உனக்கு! இதைப் படிச்சா எவன் நம்ப மாட்டான்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை போனேன். ஏன் போனாய் என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிரந்தரம் என்ற சொல்லுக்காகப் போனேன். ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஓர் அடையாள அட்டை கிடையாது. சர்க்கார் முத்திரை போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் அம்மாவின் குடைக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்துவது போல நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். எட்டு மாதத்தில் அருவருப்பும் கொஞ்சம் காய்ந்திருந்தது. திரும்பிப் போய் ஒழுங்காக வேலை செய்தால் என்ன, ஒரு கதவும் போடாமல் இருந்தால் என்ன என்று வழியெல்லாம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

உள்ளே பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோணி, பசை, ஈரச் சுவர் எல்லாம் கலந்த அதே வாசனை. பக்கத்துப் பீட்டைப் பார்க்கும் அண்ணன் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கடிதக் கட்டை மேசையில் போட்டார்.

"வாம்மா கலெக்டரு! இன்னா, ஜெராக்ஸ் கடைல உன்ன மாதிரியே நாலு பேர காப்பி எடுத்து வெச்சிகினு, நீ இங்க வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எப்படி இருக்கீங்கண்ணா? இன்னும் கதவு போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

"கதவா? அதெல்லாம் அந்தக் காலம். கதவு ரொம்ப ஜாஸ்தியா கீது, தாம்பரத்துல எவனுமே வூட்ல இருக்கறது இல்லியான்னு மேல கேட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"இப்போ 'முகவரியில் ஆள் இல்லை' போடறோம். நேத்து ஒருத்தர், முப்பது வருஷமா அதே வூட்ல கீறாரு. அவரையே காலி பண்ணி அனுப்பிட்டேன்." அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பொண்டாட்டி புள்ளையோட!"

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனிதர்தான் அவர். என் ஸ்கூட்டி பஞ்சரானபோது அரை நாள் தன் வண்டியைக் கொடுத்தவர். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

போஸ்ட் மாஸ்டர் டீ வரவழைத்தார். என் வேலையைப் புகழ்ந்தார். அம்மாவை விசாரித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்.

"அந்த நர்ஸ் பொண்ணு விடல. மேல மேல எழுதிட்டே இருந்திருக்கு. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக்கு ஒரு ஆபீசர் வர்றார். நீ எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கு. அதையே வாயால ஒருமுறை சொல்லிட்டாப் போதும்."

"நான் இப்போ வேலையில இல்லையே சார்."

"அதான் வரச் சொன்னேன். ஓடிப்போனவ சொன்னா ஒரு மாதிரி தெரியும். வேலையில இருக்கறவ சொன்னா மதிப்பே வேற. திங்கட்கிழமை காலைல சேர்ந்துடு. பதினோரு மணிக்குச் சொல்லிடு. அடுத்த வாரமே உன் பேரை மேல அனுப்பறேன்."

உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்கல என்று அவர் போனில் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கால், என் வேகம், முகவரி படிக்கும் என் கண் எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. என் பொய் வேண்டும். அதைச் சொன்ன வாயோடு சேர்த்து வேண்டும்.

டீ கிளாஸின் விளிம்பில் யாருடைய உதட்டுக் கறையோ இருந்தது. அது என் கண்ணில் பட்டது. ஆனாலும் குடித்தேன். குடித்துவிட்டு, "சரி சார்" என்றேன்.

'சரி' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றவளை என்னால் இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வியாபாரம் அதிகம். மூன்று மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த சங்கரா மீனை வாசல் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர், மூன்று நாள், சீட்டு, நர்ஸ் பெண், நான் எழுதிய ஒரு பக்கம். யாரிடமும் சொன்னதில்லை. அம்மா திட்டுவாள், ஒருவேளை அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அம்மா செதில் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அவ்ளோதானா? நான் இன்னாவோன்னு பயந்துட்டேன்."

"அவ்வளவுதானாவா? அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சும்மா."

"போச்சு. நீ உண்மைய சொன்னா திரும்பி வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு உன் வேலையும் போவணும்? நீ ஒருத்தியா பண்ண? அல்லாரும்தான் பண்றாங்க." மீனைப் புரட்டிப் போட்டாள். "நானும்தான் நாலு நாள் ஐஸ்ல கெடந்தத 'இப்பதாங்க கரைக்கு வந்துச்சு'ன்னு விக்கிறேன். உன்ன அந்தக் காசுலதானே படிக்க வெச்சேன்? வாங்கறவங்க பேஜார் பண்ணாம வாங்கிகினு போறாங்க."

அவள் கண்ணில் குறும்பு இருந்தது. என்னைத் தேற்றுவதற்காக அதைச் சொன்னாள். தன் தொழிலின் இரகசியத்தைத் திறந்து, உனக்கும் எனக்கும் ஒன்றும் வித்தியாசமில்லை என்று என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மற்ற எந்த நாளாக இருந்தாலும் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

"வாங்கறவங்க செவுளைத் தூக்கிப் பார்க்கலாம்மா. மோந்து பார்க்கலாம். வேணாம்னு போகலாம். அந்தப் பொண்ணுக்கு மீனே காட்டலையே நான்."

அம்மாவின் கை நின்றது.

"படிச்சவ" என்றாள். அந்தச் சொல்லை அவள் அத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தாள். அப்படி ஒரு கசப்போடு அதை நான் கேட்டதில்லை. "தெருவுல கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அன்று மீன் குழம்பில் அவள் உப்புப் போட மறந்துவிட்டாள். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை கடைக்காரரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். காலையில் வேலையில் சேராமல் பதினோரு மணிக்கு நேரே வந்து நின்றதைப் பார்த்தபோதே போஸ்ட் மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. அறைக்குள் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஸ்டூலில் அந்தப் பெண். வெள்ளைச் சீருடையின் மேல் துப்பட்டா போட்டிருந்தாள். ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இருக்கிறாள் என்று பேச்சில் தெரிந்தது. ஷிஃப்ட்டுக்கு நடுவில் வந்திருந்தாள்.

அதிகாரி என் தாளை எடுத்துக் காட்டினார். "இது நீங்க எழுதினதுதானே?"

"நான்தான் சார் எழுதினேன். அதுல இருக்கறது பொய்."

"அதாவது?"

"நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்ல. மூணு நாளும் போகல. சீட்டும் வைக்கல."

போஸ்ட் மாஸ்டர் நாற்காலியில் நெளிந்தார். "இந்தப் பொண்ணு ஏதோ பயத்துல சொல்லுது சார்."

"பயத்துலதான் அன்னிக்கு எழுதினேன் சார்" என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. பயம் கொஞ்சம்தான். சோம்பேறித்தனமும், மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற திமிரும்தான் அதிகம். இன்றைக்கு இங்கே அதைத் திருத்தி எழுதிக்கொள்கிறேன்.

அதிகாரி பேனா மூடியைத் திருகினார். "பொய்னெல்லாம் எழுத முடியாதும்மா. முந்தைய வாக்குமூலத்துக்கு முரண்படுகிறார்னு போட்டுக்கறேன்." நான் செய்தது அந்த வார்த்தைக்குள் போய் மடிந்து உட்கார்ந்துகொண்டது. எங்கே போனாலும் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் முதல்முறையாகப் பேசினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்போ மூணு நாளும் எங்க நின்னீங்க?"

"கால்வாய்ப் பக்கம். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ."

"அங்கேர்ந்து எங்க வீடு தெரியுமே. அப்பாவோட கட்டில் வாசலைப் பார்த்துத்தான் போட்டிருக்கோம்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சுது" என்றேன். "ரெண்டாவது நாள் அவர் கையை ஆட்டினார். என்னைத்தான் கூப்பிடறார்னு தெரிஞ்சுது."

இதை நான் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த மனிதர் தூரத்தில் படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். என் தோளில் பை இருந்தது. அவர் தபாலை எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு, கைப்பேசியில் கதவை அழுத்தினேன்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "அப்போ எனக்கு அந்த வேலை கிடைக்குமா சார்?"

"அது எங்க துறை இல்லம்மா. உங்க தபாலைப் பத்தி மட்டும்தான் நாங்க சொல்ல முடியும். இந்த அறிக்கை வந்ததும் ஒரு நகல் வாங்கி அங்க கொடுத்துப் பாருங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். போஸ்ட் மாஸ்டர் வாசல் வரை வந்தார். வழியனுப்ப வரவில்லை. "படிச்ச பொண்ணுன்னு நம்பினேன். இந்தப் பக்கமே இனிமே வராதே" என்றார். பைகளின் நடுவில் இருந்த அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

வெளிக் கேட்டில் நின்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆக முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் பின்னால் வருகிறாள் என்று தெரியும். ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன் என எழுத ஆசை. அது இல்லை. அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று என் அடிமனம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் உண்மையைச் சொன்னவளுக்கு ஏதோ வர வேண்டியது பாக்கி இருப்பது போல.

அவள் வந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என் ஸ்கூட்டி கேட்டின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நகருங்க" என்றாள். "பஸ் போயிடும்."

வண்டியை ஓரமாக இழுத்து அவளுக்கு வழி விட்டேன்.